அரிமத்தியா யோசேப்பின் வாக்கு

குருத்து ஞாயிறன்று வாசிக்கப்படும் திருப்பாடுகளின் வரலாற்றில் நம்மில் பலரும் கவனியாமல் கடந்து போகும் சிறு முரண் ஒன்று உண்டு. தலைமைச் சங்கம் இயேசுவை விசாரித்த இரவைப் பற்றி எழுதும் மாற்கு, சங்கத்தார் அனைவரும் அவரைச் சாவுக்குரியவர் எனத் தீர்மானித்ததாகச் சொல்லி முடித்துவிடுகிறார் (மாற் 14:64). லூக்காவோ, எல்லாம் முடிந்து உடலைச் சிலுவையிலிருந்து இறக்க வேண்டிய மாலை வேளையில், அதே சங்கத்தின் உறுப்பினர் ஒருவரை நம்முன் நிறுத்துகிறார். அரிமத்தியா ஊராரான யோசேப்பு; சங்கத்தின் திட்டத்திற்கும் செயலுக்கும் அவர் இணங்கவில்லை என்று குறித்து வைக்கிறார் (லூக் 23:50-51).

2024-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று மாற்கு நற்செய்தியையும், 2025-இல் லூக்கா நற்செய்தியையும் வாசித்தோம். வாசித்தோம் என்பதிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வெயிலையும் மக்களின் களைப்பையும் காரணம் காட்டி நம் பங்குகள் பலவற்றில் சுருக்க வாசகத்தையே எடுத்துக்கொள்கிறோம். லூக்காவின் சுருக்க வாசகம் 23-ஆம் அதிகாரத்தின் 49-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. யோசேப்பு வருவது 50-ஆம் வசனத்தில்.

யோசேப்பு இணங்காததால் தீர்ப்பு மாறிவிடவில்லை. கல்வாரி தவிர்க்கப்படவில்லை. அவர் எழுந்து பேசினாரா, கையை உயர்த்தினாரா, அன்று அவைக்கே வராமல் ஒதுங்கி நின்றாரா என்பதையும் லூக்கா சொல்லவில்லை. அவர் யூதர்களுக்கு அஞ்சி மறைவாகச் சீடராயிருந்தவர் என்று யோவான் வேறு சொல்கிறார். ஆயினும் ‘அனைவரும்’ என்ற ஒரு சொல்லுக்குள் அந்த மனிதரின் பெயர் கரைந்து போவதை லூக்கா ஏற்கவில்லை. இன்றைய நாடாளுமன்ற வழக்கில் சொல்வதானால், மாற்கு நமக்குத் தருவது குரல் வாக்கெடுப்பின் முடிவு. லூக்கா தருவது பெயர்ப் பட்டியல்.

இனி நம் காரியத்திற்கு வருவோம். 2024 தேர்தலில் தமிழகத்திலிருந்து 39 பேரை மக்களவைக்கு அனுப்பினோம். நம் தொகுதி உறுப்பினர் அங்கே எந்தச் சட்டத்திற்கு இணங்கினார், எதற்கு இணங்கவில்லை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? படிப்பறிவற்ற மக்களைக் கேட்கவில்லை. ஆசிரியர்களைக் கேட்கிறோம்; பங்குப்பேரவைத் தலைவர்களைக் கேட்கிறோம்; ஆண்டுதோறும் மறையுரைகளில் சமூக நீதியைப் பற்றி முழங்கும் அருட்பணியாளர்களாகிய நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் திருவிழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். ஒலிபெருக்கியில் அவரது பட்டங்களை வாசித்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆயின. பொன்னாடை போர்த்தினோம். ஆளுயர மாலை அணிவித்தோம். சிறுபான்மையினரின் பாதுகாவலர் என்று அவரை வாழ்த்திப் பேசியதும் நாமே. பிறகு பங்குப்பேரவையின் சார்பில் மனு ஒன்று கொடுத்தோம்: கோவில் முகப்பில் ஓர் உயர்கோபுர மின்விளக்கு, கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதைக்குப் பேவர் பிளாக் கற்கள், பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை. மூன்றையும் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து செய்து தருவதாக அவர் மேடையிலேயே அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்த மனுவை எழுதியது நம் கைதான். அவர் போன பிறகும் நமக்கு உறுத்தல் ஏதும் எழவில்லை. அந்த ஆண்டு அவையில் அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே நமக்குத் தோன்றவில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி என்பது 1993 டிசம்பரில் தொடங்கப்பட்ட திட்டம். இன்று ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5 கோடி ரூபாய். அதில் நற்பணிகள் நடக்கவில்லை என்று யாம் கூறவில்லை. ஆனால் சட்டம் இயற்றவும், அரசைக் கேள்வி கேட்கவும், வரவு செலவைச் சரிபார்க்கவும் அனுப்பப்பட்ட ஒருவரை நிழற்குடை கட்டும் ஒப்பந்தக்காரராக மக்கள் மனத்தில் மாற்றிவிட்டதில் இத்திட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. நிழற்குடையில் அவர் பெயர் ஓர் அடி உயர எழுத்தில் இருக்கிறது. அவர் வாக்களித்த மசோதாக்களின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால், பெரும்பாலும் பட்டியலே இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்பதை விளக்க வேண்டும். அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவெடுக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 100-ஆம் உறுப்பு. நடைமுறையில் நிகழ்வது வேறு. சபாநாயகர் மசோதாவை வாக்குக்கு விடுகிறார். ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் குரல் எழுப்புகிறார்கள். எந்தக் குரல் ஓங்கியது எனச் சபாநாயகரின் காது தீர்மானிக்கிறது. அதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். யாரேனும் அந்த முடிவை மறுத்துப் பிரிவு வாக்கெடுப்பு கோரினால்தான் மணி அடிக்கப்பட்டு, வாயில்கள் அடைக்கப்பட்டு, இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்தி ஒவ்வொருவரும் தம் பெயரால் வாக்களிப்பர். அந்தப் பட்டியல் அவைக்குறிப்பில் அச்சேறும். இதிலும் ஒரு நுணுக்கம். பிரிவு வாக்கெடுப்பு தேவையின்றிக் கோரப்படுவதாகச் சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணிவிடலாம். அப்போதும் பெயர்கள் பதிவாவதில்லை. அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. அவற்றுக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும்.

அமெரிக்காவின் 1787-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அவையிலிருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே பெயர்வாரியான வாக்கைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்கிறது. பிரிட்டனின் மக்கள் அவை 1836 முதல் தன் வாக்குப் பட்டியல்களை அதிகாரபூர்வமாக வெளியிட்டு வருகிறது. நாம் வெள்ளையரிடமிருந்து அவையின் மேசையையும் செங்கோல் மரியாதைகளையும் பெற்றுக்கொண்டதில் குறை வைக்கவில்லை. பெயரைப் பதிவதில் மட்டும் கை சுருங்கிப் போயிற்று.

2023-ஆம் ஆண்டின் மழைக்காலக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்வோம். மணிப்பூரில் ஆலயங்கள் எரிந்துகொண்டிருந்த காலம். நம் பங்குகளில் மெழுகுதிரி ஏந்தி ஊர்வலம் போனோம், உண்ணாநோன்பு இருந்தோம், மறையுரைகளில் கண்கலங்கினோம். மணிப்பூரை முன்வைத்தே எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. ஆகஸ்டு 8 முதல் 10 வரை மூன்று நாள் விவாதம் நடந்தது. பிரதமர் பதிலுரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தனர். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆக, மணிப்பூரின் பெயரால் எழுந்த அந்தத் தீர்மானத்தில் இன்னார் இப்படி வாக்களித்தார் என்று காட்டும் ஏடு ஒன்று நாட்டில் கிடையாது. தோற்கப் போகும் தீர்மானம் என்பது முதல் நாளே தெரிந்ததுதான். அதனாலேயே அவர்கள் இருக்கையில் அமர்ந்து, பிரிவு வாக்கெடுப்புக் கோரி, நாட்டின் முன்னிலையில் பெயர்களைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. வெளிநடப்பு, நாளிதழுக்கு ஒரு புகைப்படம் தரும். அவைக்குறிப்புக்கு அது எதையும் தருவதில்லை.

அதே கூட்டத்தொடரில், அதே மணிப்பூர்க் கூச்சலுக்கிடையில், கடற்பகுதிக் கனிமங்கள் தொடர்பான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. மக்களவையில் ஆகஸ்டு 1. மாநிலங்களவையில் ஆகஸ்டு 3. கடலடியில் கிடக்கும் மணலையும் தாதுக்களையும் ஏலத்தின் வழியே தனியாருக்கும் வழங்க வகை செய்த சட்டம் அது. அன்று நம் கடற்கரைப் பங்குகளில் இதைப் பற்றி ஒரு சொல் பேசப்பட்டதாக நினைவில்லை. 2024 நவம்பரில் முதற்கட்டமாக 13 கடற்பகுதிகள் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்டு, அவற்றில் கொல்லம் கடலின் மணற்பரப்பும் இடம்பெற்ற பின்னர்தான் கேரளக் கரையில் கொந்தளிப்பு எழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே மீனவர் வேலைநிறுத்தம் நடந்தது. சட்டம் அவையில் இருந்தபோது கேட்க வேண்டிய கேள்வியை, ஏல அறிவிப்பு வந்த பிறகு வீதியில் கேட்டோம். கடற்கரைக்கு வந்து மீனவனின் கண்ணீரைத் துடைப்பதாக வாக்களிக்கும் ஒவ்வொருவரிடமும், 2023 ஆகஸ்டு 1-ஆம் நாள் அவையில் உம் வாய் எந்தச் சொல்லைச் சொல்லிற்று எனக் கேட்கும் உரிமை அந்தக் கட்டுமரக்காரனுக்கு உண்டு. விடை மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

வேளாண் சட்டங்களின் கதையை நாடே அறியும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் பிரிவு வாக்கெடுப்புக் கேட்டும் அது நடத்தப்படவில்லை. கேட்டவர்கள் தம் இருக்கையில் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் தில்லி எல்லையில் கிடந்த பின், 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளும் ஒரே நாளில், விவாதமே இன்றி, அச்சட்டங்களை நீக்கின. கொண்டுவந்தபோதும் குரல், நீக்கியபோதும் குரல். சரியென்று சொன்னவரும் தவறென்று சொன்னவரும் ஒரே வாய்தானா என்று சரிபார்க்க வழியில்லை. 2023 டிசம்பரில் நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றியமைத்த மசோதாக்கள் நிறைவேறிய வேளையில், இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர்.

வாக்குப் பட்டியல் ஒன்றிருந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2019 டிசம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 104-ஆம் திருத்தம் அதற்குத் தக்க சான்று. அது இரண்டு காரியங்களை ஒரே கயிற்றில் கட்டியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தொகுதி ஒதுக்கீட்டை மேலும் பத்தாண்டு நீட்டித்தது. ஆங்கிலோ-இந்தியருக்கான நியமன இடங்களை நீட்டிக்காமல் விட்டு, 1950 முதல் இருந்துவந்த அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. நாட்டில் 296 ஆங்கிலோ-இந்தியரே உள்ளனர் என்று அமைச்சர் கூறினார். சென்னைப் பரங்கிமலையிலும் பெரம்பூரிலும் ஞாயிறு திருப்பலிக்குச் செல்கிறவர்கள் அந்த எண்ணைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எறணாகுளம் உறுப்பினர் ஹைபி ஈடன் போன்றோர் எழுந்து மறுத்துப் பேசினர். ஆனால் வாக்கெடுப்பில் எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. எப்படி முடியும்? எதிர்த்தால் தலித் மக்களின் ஒதுக்கீட்டை எதிர்த்ததாகும். வாக்கை மட்டும் பார்ப்பவன், ஒரு சிறு சமூகத்தின் குரல் பறிக்கப்பட்டதை அவை முழுதும் ஒப்பியது என்பான். பேச்சையும் சேர்த்துப் படிப்பவனுக்கே யார் இணங்கவில்லை என்பது புலப்படும்.

பேச்சை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த நாளே சான்று கிடைத்தது. குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 9 அன்று மக்களவையிலும் 11 அன்று மாநிலங்களவையிலும் பெயர்வாரி வாக்கெடுப்பில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. வேறுபாடு 20. அண்டை நாடுகள் மூன்றின் கிறித்தவர் சேர்க்கப்பட்டனர், இசுலாமியர் விடப்பட்டனர், நம் முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் ஈழத் தமிழர்—அவர்களுள் நம் மறையினரும் பலர்—சேர்க்கப்படவில்லை. அன்று தமிழகத்தை ஆண்ட கட்சியின் உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தனர். 2021-இல் அதே கட்சியின் தேர்தல் அறிக்கை, இச்சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று கூறிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது எதனால்? அந்த ஒரு முறை பெயர்கள் அச்சாகியிருந்ததால். அண்டை நாட்டுக் கிறித்தவர் சேர்க்கப்பட்டனரே என்று அன்று நம்முள் சிலர் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். உறுப்பினர் என்ன செய்வார், கொறடாவின் கட்டளை அவர் கழுத்தில் கத்தியாக இருக்கிறதே என்பர். உண்மைதான். 1985-இல் வந்த 52-ஆம் திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்க வந்தது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்றிருந்த அலங்கோலத்திற்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அது தாவுகிறவனையும் மனச்சான்றோடு மாறுபடுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும். ஆட்சியின் உயிரைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இக்கட்டுப்பாட்டை வைத்துவிட்டு, ஏனையவற்றில் உறுப்பினரை அவிழ்த்துவிடலாம் என்பதே நம் கருத்து. 1999 ஏப்ரல் 17 அன்று ஓர் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்த நாட்டில், அத்தகைய வாக்கெடுப்புகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடல்மணலுக்குமா?

கட்டளைக்கு அஞ்சுகிறவர் எல்லாரும் கட்டளைக்கு மட்டுமே அஞ்சுகிறார்கள் என்பதும் இல்லை. 1993-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்று 251-க்கு 265 எனத் தோற்றபோது உறுப்பினர்கள் சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக வழக்கு எழுந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது விசித்திரமானது: பணம் பெற்று, பேசியபடி அவையில் வாக்களித்தவரை வழக்குத் தீண்டாது; பெற்றும் வாக்களிக்காதவரைத் தீண்டும். குருமடத்தில் நமக்கு ஒழுக்கவியல் கற்பித்த பேராசிரியர் இருந்திருந்தால் இதைத் தேர்வில் ஒரு வினாவாகவே வைத்திருப்பார். 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அந்தத் தீர்ப்பைப் புறந்தள்ளியது. இடையில் 26 ஆண்டுகள்.

கட்டளை ஆளாத இடங்களும் உண்டு. கேள்வி நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று பெரும்பாலும் கொறடா சொல்வதில்லை. மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 எடுக்கப்படுகின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கு உரியது. அப்படிக் கொண்டுவரப்பட்டுச் சட்டமானவை விடுதலைக்குப் பின் 14 மட்டுமே, கடைசியாக 1970-இல். எனினும் 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஏற்றுக்கொண்டது. ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது 45 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதன்முறை. மக்களவையில் அது நிறைவேறவில்லை. நம்மால் தீண்டப்படாத மக்களுக்காக நம் மண்ணின் உறுப்பினர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலைச் செலவிட்டார். எந்தத் திருவிழா மேடையிலும் அதற்காக அவருக்கு நாம் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லியில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம், ஒவ்வோர் உறுப்பினரின் வருகை, கேட்ட கேள்விகள், பங்கெடுத்த விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தருகிறது. நற்பணி. சென்னையிலிருந்து 2010-இல் தொடங்கிய சன்சத் ரத்னா விருதும் இத்தகைய எண்ணிக்கையின் துணையோடே வழங்கப்படுகிறது. ஆனால் எண்ணிக்கை நற்செயலாகிவிடாது. ஏட்டில் கையெழுத்திட்டுவிட்டு வெளியேறினாலும் அன்று வந்தவராகவே நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. கேள்வியோ, 2005-இல் விலைக்கே விற்கப்பட்டது. பணம் பெற்றுக் கேள்வி கேட்டதற்காக அந்த டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 பேர் நீக்கப்பட்டனர். செபமாலையின் எண்ணிக்கையைக் கொண்டு பக்தியை அளப்பவர்கள் நம்மிடையே இருப்பது போலத்தான் இதுவும். எத்தனை கேட்டார் என்பதற்கு முன், யாருக்காகக் கேட்டார் என்று பார்க்க வேண்டும்.

தலித் கிறித்தவரின் காரியத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணை, மதத்தைக் காரணமாக்கி அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டனர். கிறித்தவரையும் இசுலாமியரையும் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை 2007-இல் கையளிக்கப்பட்டு, 2009 டிசம்பரில்தான் அவையின் மேசைக்கு வந்தது. 2022-இல் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்து, அதற்கும் கால நீட்டிப்பு வழங்கினார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று நாமும் கறுப்புக்கொடி ஏற்றுகிறோம். இதற்கென அரசு மசோதா ஒன்று நிறைவேறவே இல்லை. ஆகவே வாக்குப் பட்டியலில் தேடிப் பயனில்லை. தேட வேண்டிய இடம் கேள்விகளின் தொகுதியும் நேரமில்லா நேரத்தின் குறிப்பும்தான். நம் 39 பேரில் யார் இதை அவையில் எழுப்பினார், எந்த நாளில், அமைச்சர் என்ன விடை தந்தார், விடை போதாதென்று அவர் மறுமுறை எழுந்தாரா? மறைமாவட்டத்தில் இதற்கென ஒரு பணிக்குழுவே வைத்திருக்கும் நம்மிடம் இக்கேள்விகளுக்கு ஒரு பக்க விடையும் இல்லை. கறுப்புக்கொடி மட்டும் ஆண்டுதோறும் புதிதாகத் தைக்கப்படுகிறது.

நாம் வாக்குகளை எண்ணவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை எண்ணினோம். 2025-இல் வக்ஃபு திருத்த மசோதா அவைக்கு வந்தபோது, முனம்பம் கரையில் வாழும் ஏறத்தாழ 600 குடும்பங்களின் நிலப் பிரச்சினையை முன்னிட்டுக் கேரள ஆயர் பேரவை, மசோதாவை ஆதரிக்குமாறு தம் மாநில உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. ஏப்ரல் 3 நள்ளிரவு கடந்து மக்களவையில் 232-க்கு எதிராக 288 வாக்குகளில் மசோதா நிறைவேறியது. விடிந்ததும் யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று நம் மக்கள் ஆர்வத்தோடு தேடினார்கள். பத்து நாள் கழித்து வந்த குருத்து ஞாயிறன்றும் கோவில் முற்றங்களில் அதே பேச்சு. முனம்பத்து ஏழைகளின் கண்ணீர் உண்மையானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மசோதாவில் முனம்பம் மட்டுமா இருந்தது? நம் அண்டை வீட்டு இசுலாமியரின் அறநிலையங்கள் முழுவதும் அதில் இருந்தன. தன் வேலிக்கு மட்டும் வாக்குப் பட்டியலைத் திறந்து பார்க்கிறவன் செய்வது கண்காணிப்பு அன்று. அது கணக்குத் தீர்ப்பு. பிறர் காரியத்தில் நம் உறுப்பினர் எவ்வாறு நடந்தார் என்று பாராதவர்களுக்கு, நம் காரியத்தில் பிறர் எவ்வாறு நடந்தார்கள் என்று கேட்கும் தகுதி குறைந்தே போகும்.

அருட்பணியாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். கட்சிப் பணியில் ஈடுபடலாகாது என்ற திருச்சபைச் சட்டத்தின் 287-ஆம் எண்ணை நாமும் அறிவோம். யாருக்கு வாக்களியுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வதை நாம் ஒருபோதும் ஏற்றதில்லை. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு மட்டும் வெளிவரும் வழிகாட்டிச் சுற்றறிக்கைகளில், நல்லவர்க்கு வாக்களியுங்கள் என்ற வரியைக் கண்டு சலித்தும் போயிருக்கிறோம். நல்லவர் யார் என்பதை எதைக் கொண்டு அறிவது? அதே சட்டத்தின் 535-ஆம் எண், பங்குதோறும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கப் பணிக்கிறது. நூறாண்டுக்கு முன் இப்பங்கில் யாருக்கு யார் ஞானத்தாயாக நின்றார் என்று ஐந்து நிமிடத்தில் நம்மால் எடுத்துக் காட்ட முடியும். ஆயர் பங்கைச் சந்திக்க வரும்போது முதலில் கேட்பதும் அந்த ஏடுகளைத்தான். பதிவு செய்வதில் நம்மைவிடப் பழகிய கை இந்நாட்டில் அரிது. தீர்ப்பெழுதாத ஏடு ஒன்று: நாள், மசோதா, பேசினாரா, வாக்குப் பதிவானதா, பதிவானால் எப்படி, பதிவாகாவிடில் பிரிவு வாக்கெடுப்பு கேட்டாரா. இவ்வளவே. படிக்கிறவர்கள் தீர்ப்பெழுதிக்கொள்ளட்டும்.

அரசியல்வாதிகளின் பாதுகாவலராக 2000-ஆம் ஆண்டில் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்த புனித தாமஸ் மூர், 1523-இல் இங்கிலாந்து மக்கள் அவையின் சபாநாயகராக இருந்தவர். உறுப்பினர்கள் அச்சமின்றிப் பேச உரிமை வேண்டுமென மன்னரிடம் கேட்டவர். 1535-இல் தம் மீதான வழக்கில், மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்ற பழைய சட்ட விதியைத் தமக்குக் கேடயமாகக் காட்டினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, தலை போயிற்று. நம் உறுப்பினர்களுக்கு அந்தக் கேடயத்தைக் குரல் வாக்கெடுப்பு இலவசமாக வழங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு நம் பங்கின் இளையோர் நால்வர் ஒரு நீளக் குறிப்பேட்டில் இந்தக் கோடுகளைப் போட்டுத் தொடங்கினார்கள். அவைக்குறிப்புகளைத் தேடிப் படித்து எழுதியதில், கடைசிக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. அவற்றை நிரப்பித் தருமாறு கேட்டு, தேதிகளையும் மசோதாக்களின் பெயர்களையும் குறித்து, உறுப்பினருக்கு ஒரு மடல் எழுதினோம். பங்குப்பேரவையில் இருவர் கையொப்பமிட மறுத்தார்கள். கல்லறைப் பாதைக்கான கற்கள் இன்னும் வரவில்லை, இப்போதா இதைக் கேட்பது என்பது அவர்கள் கவலை. ஆறு வாரம் கழித்து அவரது அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்தது. கற்கள் பதிக்கும் பணிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவும், தொடக்க விழாவுக்கு வசதியான நாளைத் தெரிவிக்குமாறும் அதில் எழுதியிருந்தது. மடலில் கேட்டவற்றுக்கு விடை இல்லை. நாள் குறித்து அனுப்பியிருக்கிறோம். அன்று மேடையில் பொன்னாடைக்குப் பதிலாக அந்தக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுப்பதென்று இளையோர் தீர்மானித்துள்ளனர். அது முறையா என்று பங்குப்பேரவை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. வாக்கெடுப்புக்கு விடும் நிலை வந்தால், பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.